தொண்டை கட்டிய திங்கட்கிழமை

சீட்டைப் பிரிப்பவரே உரக்கப் படிக்க வேண்டும்,
சிலி நாட்டின் சட்டம் அப்படி.
பெயரைச் சொல்லி, கூடியிருப்பவர்களுக்குத் தூக்கிக் காட்டி,
அப்புறம்தான் மேசையில் வைக்கலாம்.
கெயோன் துறைமுகத்துத் தொடக்கப்பள்ளி,
முப்பத்தேழாம் மேசைக்கு நான் தலைவி.
கேட்டு வாங்கியதில்லை,
குலுக்கலில் என் தலையில் விழுந்தது.

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம்.
டிசம்பரில் இந்தத் தெற்கில்
ஒன்பதரை ஆனாலும் வெளிச்சம் போக மனசில்லாமல் நிற்கும்.
ஜன்னல் கண்ணாடியில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டிய காகித நண்டுகள்.

முதல் சீட்டில் அவர் பெயர்.
ஒரு வருஷமாக என் வீட்டில் நான் உச்சரிக்காத பெயர்.
டிவியில் முகம் வந்தால் ‘அந்த ஆள்’ என்பேன்,
ரிமோட்டைத் தேடுவேன்.
இப்போது வாய் நிறையச் சொன்னேன்.
பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள்.
இன்னும் உரக்கச் சொன்னேன்.
இரண்டாவதும் அவர்.
மூன்றாவது எங்கள் ஆள்,
ஒரு மிடறு தண்ணீர் குடித்தது போல.
அதன் பிறகு அவர், அவர், அவர்,
பல்லில் சிக்கிய நார் மாதிரி அவர்.

அவர்கள் தரப்பு முகவர் ரெனே பாரியா,
சால்மன் பண்ணையில் வலை கழுவுகிறவர்,
சுவரோரம் நின்று கோடு கிழித்தார்.
நான்கு கோட்டுக்கு ஒரு சதுரம், ஐந்தாவது குறுக்கே.
தாள் முழுக்க ஜன்னல்களாக நிறைந்துகொண்டே போனது,
பெரிய ஓட்டல் ஒன்றின் முகப்பு போல.
எங்கள் முகவர்ப் பெண்ணின் தாளில் இருந்தவை
ஒரு சின்ன வீட்டுக்குத்தான் காணும்.

நூற்று எண்பத்தாறு.
‘திரும்ப எண்ணு!’ என்று கத்தியது
எங்கள் பக்கத்து ஆள்தான், மருந்துக்கடை எலியாசர்.
முகம் சிவந்து, தொப்பியைக் கசக்கிக்கொண்டு.
எண்ணினேன்.
ஒன்றோடொன்று ஒட்டியிருந்த சீட்டு விரலில் பிரிந்து வந்தது.
நூற்று எண்பத்தேழு.
எலியாசர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டு
எட்டாக மடிக்கப்பட்டிருந்தது.
முனைக்கு முனை சரியாக, நகத்தால் அழுத்தி நீவி.
அப்படி மடிப்பவர்கள் இந்தத் தீவில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.
எனக்குத் தெரிந்து ஒருவர்.
அவர் பெயரும் இந்த மேசைப் பட்டியலில்தான்,
என் பெயருக்கு இரண்டு வரி கீழே.
தூக்கிக் காட்டினேன்.
சட்டப்படி சொல்ல வேண்டிய பெயரை மட்டும் சொன்னேன்.

எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பிக் கையெழுத்திட்டேன்.
கை நடுங்கவில்லை.
கொஞ்சம் நடுங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹாரன் சத்தம்,
லாரி மேல் கொடிகள், யாரோ ஒரு நாய்க்குக்கூடக் கட்டியிருந்தார்கள்.
அபெலார்தோ சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.
ரேடியோவை அணைத்திருந்தான்.
எனக்காகவா, தனக்காகவா, கேட்கவில்லை.
பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில்
காஸ் ரசீது, எட்டு மடிப்பு.

காலையில் குரலே இல்லை.
ரொட்டிக் கடை வரிசையில்
‘பாவம், அழுதாயா?’ என்று ஒருத்தி,
‘ஜெயித்ததும் கத்தினாயோ!’ என்று இன்னொருத்தி.
இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.
ரெனே பாரியா பின்னால் நின்றார். கொண்டாடி முடித்த கண்கள்.
அவருக்கும் தொண்டை கரகரத்தது.
‘எங்கள் ஆள் பெயரை ஊரிலேயே அதிகம் சொன்னது நீதான்’ என்றார்,
சிரிப்பதா என்று பாதியில் யோசித்து நிறுத்தி,
இருமல் மிட்டாய் ஒன்றை நீட்டினார்.
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.
தின்னப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்தது.

ராத்திரி இருமல் அடங்கவில்லை.
இருட்டில் கோட்டைத் துழாவி எடுத்து
வாயில் போட்டேன். யூக்கலிப்டஸ், தேன்.
தாள் சரசரப்புக்கு அபெலார்தோ விழித்து விளக்கைப் போட்டான்.
யார் கொடுத்தது என்று கேட்டான்.
சொல்லக் குரலில்லை.
அது கரைந்து முடியும்வரை
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.